ஒபாமாவின் பழைய தொடர்புகள்: 2008இல் பத்திரிகைகள் எதைத் துருவின, எதை விட்டன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் யாராவது 2008ஐ இழுத்துவிடுகிறார்கள். "ஒபாமாவை எவனும் ஒரு கேள்வி கேட்கலை" என்பார் ஒருவர். "கறுப்பர்ங்கிறதால தோண்டித் தோண்டிக் கேட்டாங்க" என்பார் அடுத்தவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நண்பர்களிடமும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

ஒபாமாவோட பழைய சகவாசம்னு சொல்றாங்களே, யார் யாரு அது?

முக்கியமாக மூன்று பேர், மூவரும் சிகாகோக்காரர்கள். ஜெரமையா ரைட், ஒபாமா ஏறக்குறைய 20 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த தேவாலயத்தின் போதகர். பில் ஏயர்ஸ், 1970களில் அரசுக் கட்டடங்களில் குண்டு வைத்த 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்ற தீவிர இடதுசாரிக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒபாமாவோடு பழகிய காலத்தில் கல்வியியல் பேராசிரியர். டோனி ரெஸ்கோ, கட்டட வியாபாரி; அரசியல்வாதிகளுக்குத் தேர்தல் நிதி திரட்டிக் கொடுப்பவர்.

ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டில் இருந்தார். 2005 ஜனவரியில் நாட்டின் செனட்டராக வாஷிங்டன் போனார், 2007 பிப்ரவரியில் அதிபர் போட்டியில் குதித்துவிட்டார். ஜனநாயகக் கட்சிக்குள் அவரோடு மோதிய ஹிலாரி கிளிண்டனையும் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னையும் நாடு பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியிருந்தது. ஒபாமாவின் அரசியல் வாழ்க்கையோ பெரும்பாலும் சிகாகோவுக்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது. நிருபர்கள் அங்கே போய்த்தான் தேட வேண்டியிருந்தது.

சர்ச்ல பாஸ்டர் பேசினதுக்குக் கேட்டுட்டிருந்தவர் எப்படிங்க பொறுப்பாவார்?

சாதாரணமாகப் பொறுப்பாக மாட்டார். ஆனால் இது ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டு வரும் உறவு இல்லை. ஒபாமா தம்பதிக்குத் திருமணம் நடத்தி வைத்தவர் ரைட். இரண்டு பெண்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். ஒபாமாவின் இரண்டாவது புத்தகத்தின் தலைப்பே ரைட்டின் பிரசங்கம் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். 2008 மார்ச் 13 அன்று ஏபிசி தொலைக்காட்சி அவருடைய பழைய பிரசங்கத் துண்டுகளை ஒளிபரப்பியது. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து முதல் ஞாயிறே, அமெரிக்கா செய்த வினை அதற்கே திரும்பி வந்திருக்கிறது என்கிற பொருளில் பேசியிருந்தார். 2003இல், அமெரிக்காவைக் கடவுள் ஆசீர்வதிக்க வேண்டாம், சபிக்கட்டும் என்று முழங்கியிருந்தார்.

மறுநாள் ஒபாமா, சர்ச்சைக்குரிய அந்தப் பேச்சுகளைத் தான் நேரில் கேட்கவில்லை என்றார். 4 நாள் கழித்து பிலடெல்பியாவில் 37 நிமிடம் பேசிய புகழ்பெற்ற உரையில், தேவாலயத்தில் உட்கார்ந்து சர்ச்சைக்குரிய கருத்துகளைக் கேட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ரைட்டைக் கைவிடுவது கறுப்பினச் சமூகத்தையே கைவிடுவது போல, தெருவில் கறுப்பின ஆண்களைக் கண்டால் பயப்படும் என் வெள்ளைக்காரப் பாட்டியைக் கைவிடுவது போல, என்றார். உருக்கமான பேச்சுதான். ஆனால் ஏப்ரல் 28 அன்று வாஷிங்டனில் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் ரைட் எதையும் விட்டுக்கொடுக்காமல் மறுபடி பேச, அடுத்த நாளே ஒபாமா உறவை முறித்துக்கொண்டார். மே 31இல் தேவாலய உறுப்பினர் பதவியையும் விட்டார்.

என்னைக் கேட்டால், போதகர் சொன்னதற்கு ஒபாமா ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பது பெரிய கேள்வியே இல்லை. மார்ச் 14இல் சொன்னதும் மார்ச் 18இல் சொன்னதும் ஏன் ஒட்டவில்லை என்பதுதான் ஒரு நிருபர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். பிலடெல்பியா உரையின் அழகில் அது அமுங்கிப் போயிற்று.

அந்தப் பிரசங்க வீடியோவை யாராவது ஒளிஞ்சிருந்து எடுத்தாங்களா?

இல்லவே இல்லை. பிரசங்கப் பதிவுகளைத் தேவாலயமே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஏபிசி ஆட்கள் அவற்றை வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ரகசிய ஆவணமும் இல்லை, உளவாளியும் இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது காலக்கணக்கு. 2007 பிப்ரவரி 10 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் ஒபாமா வேட்பாளராக அறிவித்த கூட்டத்தில் ரைட் ஜெபம் செய்வதாக இருந்தது. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. போதகரை ஏன் மறைக்கிறார்கள் என்று அப்போதே யாராவது போய் அந்தப் பதிவுகளை வாங்கியிருக்கலாம். வாங்கி ஒளிபரப்பும்போது ஓர் ஆண்டு ஓடிவிட்டது. கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வில் பெரும்பாலான மாநிலங்கள் வாக்களித்து முடித்திருந்தன. அடுத்த வாக்குப்பதிவு ஏப்ரல் 22இல், பென்சில்வேனியாவில். நடுவில் ஆறு வாரம் வேறு செய்தி இல்லை, அந்தத் துண்டு வீடியோவே சுற்றிச் சுற்றி ஓடியது.

பில் ஏயர்ஸ் தீவிரவாதியா, ப்ரொஃபசரா? ஒபாமா அவருக்குக் கூட்டாளியா?

இரண்டும்தான், வெவ்வேறு காலத்தில். அவருடைய குழு 1971இல் நாடாளுமன்றக் கட்டடத்திலும் 1972இல் பென்டகனிலும் குண்டு வைத்தது. 1970இல் நியூயார்க்கில் ஒரு வீட்டில் குண்டு செய்துகொண்டிருந்தபோதே வெடித்து அவர்கள் ஆட்களே 3 பேர் செத்தார்கள். விசாரணை அமைப்புகள் சட்டத்தை மீறி உளவு பார்த்ததால் ஏயர்ஸ் மீதான வழக்கு நிற்கவில்லை. அப்புறம் படித்து, சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். குண்டு வைத்ததற்காக வருந்தவில்லை என்று அவர் சொன்ன பேட்டி நியூயார்க் டைம்ஸில் வந்த தேதி 2001 செப்டம்பர் 11. தற்செயல்தான், ஆனாலும் எப்பேர்ப்பட்ட தற்செயல்!

ஒபாமாவோடு இருந்த தொடர்பு இதுதான்: 1995இல் ஒபாமா மாநில செனட்டுக்குப் போட்டியிடக் கிளம்பியபோது ஏயர்ஸ் வீட்டில் ஓர் அறிமுகக் கூட்டம் நடந்தது. சிகாகோ பள்ளிகளைச் சீரமைக்க வந்த 4.92 கோடி டாலர் நிதியைப் பெற உழைத்தவர்களில் ஏயர்ஸ் ஒருவர். அந்த நிதியை நிர்வகித்த குழுவின் தலைவர் ஒபாமா. இன்னோர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலும் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். 2001இல் ஏயர்ஸ் 200 டாலர் நன்கொடை கொடுத்தார். பள்ளி நிதியைக் கொடுத்த வால்டர் ஆனன்பெர்க் யார் தெரியுமா? நிக்சன் காலத்தில் லண்டனுக்குத் தூதராகப் போன பழுத்த குடியரசுக் கட்சிக்காரர்!

இந்த மாதிரித் தொடர்புகளைப் பார்க்கும்போது நான் கேட்பது மூன்று: பணம் கைமாறியதா, பதவியோ சலுகையோ கிடைத்ததா, பதவியில் இருந்தவர் எடுத்த முடிவு எதாவது அதனால் மாறியதா? ஏயர்ஸ் விஷயத்தில் மூன்றுக்கும் பெரிதாக எதுவும் தேறவில்லை. 2008 அக்டோபரில் மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், ஒபாமா தீவிரவாதிகளோடு கூடிக் குலாவுகிறார் என்று மேடையில் முழங்கியது இந்தக் கணக்கில் ரொம்பவே அதிகம். அதே நேரம், "எங்க தெருப்பக்கம் குடியிருப்பவர்" என்கிற பாணியில் ஒபாமா சொன்னது ரொம்பவே குறைவு.

ஏபிசி டிபேட்ல 45 நிமிஷம் இதையே கேட்டுக் கேவலப்படுத்தினாங்களாமே?

2008 ஏப்ரல் 16, பிலடெல்பியா. ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் நடந்த விவாதம். நடத்தியவர்கள் சார்லஸ் கிப்சனும் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலஸும். ஏறக்குறைய முதல் பாதி முழுக்க ரைட், ஏயர்ஸ், சட்டையில் கொடி பின் ஏன் குத்தவில்லை என்றே போயிற்று. ஈராக் போரும் பொருளாதாரமும் காத்துக்கிடந்தன. ஏபிசியைப் பலர் வறுத்தெடுத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, கொடி பின்னெல்லாம் ஒரு கேள்வியா?

ஆனால் ஏயர்ஸ் கேள்விக்கு வந்த பதிலைப் பாருங்கள். அவர் குண்டு வைத்தபோது எனக்கு 8 வயது, என்றார் ஒபாமா. கருக்கலைப்பு செய்பவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்ற செனட்டர் டாம் கோபர்னும் என் நண்பர்தான், அதற்கும் நான் மன்னிப்புக் கேட்கணுமா என்றார். ஏயர்ஸோடு அறக்கட்டளைக் குழுவில் இருந்ததை ஹிலாரி எடுத்துக் காட்ட, அதே வெதர் அண்டர்கிரவுண்டைச் சேர்ந்த இருவருக்குத் தண்டனையைக் குறைத்தவர் உங்கள் கணவர்தானே என்று திருப்பி அடித்தார். பில் கிளிண்டன் 2001 ஜனவரியில், பதவி விட்டுப் போகும் நேரத்தில் அதைச் செய்திருந்தார். கேள்வி சில்லறையாக இருந்தாலும், மடக்கும்போது ஆள் எப்படி நிற்கிறார் என்பது தெரிந்தது.

ரெஸ்கோ வீட்டு விவகாரம் என்ன? அதை யாருமே பேசறதில்லையே?

மூன்றில் கனமானது இதுதான். பேசப்பட்டது குறைவு, ஏனென்றால் இதில் வீடியோ இல்லை, கிரையப் பத்திரம்தான் இருந்தது. 2005 ஜூனில் ஒபாமா சிகாகோவில் 16.5 லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். உரிமையாளர் கேட்டிருந்தது 19.5 லட்சம். பக்கத்துக் காலி மனையும் அதே உரிமையாளருடையது. அதை அதே நாளில், கேட்ட விலையான 6.25 லட்சத்தைக் குறைக்காமல் கொடுத்து வாங்கியவர் ரெஸ்கோவின் மனைவி. 2006 ஜனவரியில் அந்த மனையிலிருந்து 10 அடி அகலத் துண்டை ஒபாமா 1,04,500 டாலருக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மனையில் ஆறில் ஒரு பங்கு, விலையிலும் ஆறில் ஒரு பங்கு.

கணக்கு நேராகத்தான் இருக்கிறது. வீட்டை விற்றவரும், வந்ததிலேயே ஒபாமா தர முன்வந்ததுதான் கூடுதல் விலை என்றார். ஆனால் ரெஸ்கோ மீது விசாரணை நடப்பதாக ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நேரம் அது. 2006 அக்டோபரில் குற்றப்பத்திரிகை, 2008 ஜூனில் 24 குற்றச்சாட்டுகளில் 16இல் தண்டனைத் தீர்ப்பு. இந்தக் கிரையத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஒபாமா எந்தத் தப்பும் செய்ததாகக் குற்றச்சாட்டும் இல்லை. நிலத் துண்டு வாங்கியது மடத்தனம் என்று அவரே 2006இல் சொல்லிவிட்டார். மேலே சொன்ன மூன்று கேள்வியில் பணத்துக்கு மட்டும் 'ஆம்': தன் பழைய தேர்தல்களுக்கு ரெஸ்கோ 2.5 லட்சம் டாலர் வரை திரட்டியிருக்கலாம் என்று ஒபாமா ஒப்புக்கொண்டார். அதற்கு முன் வெளியில் சொல்லி வந்த தொகை அதைவிடக் குறைவு.

எப்போது ஒப்புக்கொண்டார்? 2008 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. சிகாகோ ட்ரிப்யூன், சன் டைம்ஸ் இரண்டு பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்களுக்கு முன்னாலும் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ரைட் வீடியோ வந்தது அதற்கு முந்தின நாள். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போதகர் கத்திக்கொண்டிருக்க, மனைக் கணக்கு உள்ளூர்ப் பக்கத்தோடு நின்றுபோனது.

ஸ்டேட் செனட்ல ஓட்டுப் போடாம நழுவினார்னு சொல்றது நிஜமா?

இல்லினாய் செனட்டில் ஆதரவு, எதிர்ப்பு போக 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்யும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒபாமா சுமார் 4,000 வாக்குகளில் 129 முறை போல அதைப் பயன்படுத்தினார். 59 பேர் உள்ள சபையில் மசோதா நிறைவேற 30 ஆதரவு வாக்கு வேண்டும், வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. ஆகவே மசோதாவைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது பட்டனும் எதிர்ப்பு வாக்கும் ஒன்றுதான். கருக்கலைப்பு மசோதாக்கள் சிலவற்றில் அப்படி வாக்களிக்கச் சொன்னதே உரிமை அமைப்பினர்தான்.

எல்லாவற்றையும் அப்படிப் பூசி மெழுகிவிட முடியாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு மட்டும் அந்தப் பட்டனை அழுத்திய சந்தர்ப்பங்களும் இருந்தன. சில குற்றங்களில் சிறுவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கும் 1999 மசோதா ஒன்று. எதிர்த்தால் குற்றத்துக்குத் துணை என்பார்கள், ஆதரித்தால் தொகுதியில் கோபம். இதை நியூயார்க் டைம்ஸ் 2007 டிசம்பரிலேயே எழுதியது. மாநில செனட் காலத்து அலுவலகக் காகிதங்களைக் கேட்டபோது, அவற்றைச் சேகரித்து வைக்கும் வசதி தனக்கு இருக்கவில்லை என்றார் ஒபாமா. அதை நிருபர்கள் இன்னும் விடாமல் கேட்டிருக்கலாம்.

மெக்கெய்னை மட்டும் விட்டுட்டாங்களா?

விடவில்லை. 2008 பிப்ரவரியில் டெக்சஸ் போதகர் ஜான் ஹேகியின் ஆதரவை மெக்கெய்ன் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். யூதர்களை இஸ்ரேலுக்குத் துரத்த ஹிட்லர் கடவுளின் திட்டத்தில் ஒரு கருவி என்கிற ரீதியில் ஹேகி பேசிய பழைய பிரசங்கம் வெளியானதும், மே மாதம் அந்த ஆதரவை வேண்டாம் என்றார். ரைட் அளவுக்கு அது ஓடவில்லை என்று குறைபட்டவர்கள் உண்டு. மெக்கெய்ன் ஹேகியின் சபையில் உறுப்பினர் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் மூன்று கேள்விக்கு மெக்கெய்ன் பக்கத்தில் மாட்டுவது கீட்டிங் விவகாரம். வங்கி அதிபர் சார்லஸ் கீட்டிங்கின் வட்டாரத்திலிருந்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை, அவருடைய விமானத்தில் பஹாமாஸ் பயணம், 1987இல் அவருக்காக வங்கிக் கண்காணிப்பு அதிகாரிகளோடு நடந்த சந்திப்பில் பங்கு. 1991இல் செனட் நெறிமுறைக் குழு, மெக்கெய்னிடம் விவேகம் குறைந்துபோனது என்று சொல்லி விட்டுவிட்டது. பழைய கதை என்று 2008இல் பலர் தாண்டிப் போனார்கள். அதற்குப் பதிலாக பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ், பெயர் சொல்லாத ஆட்களை நம்பி, ஒரு பெண் லாபியிஸ்டோடு மெக்கெய்னைச் சேர்த்துச் சந்தேகம் கிளப்பியது. அந்தப் பத்திரிகையின் வாசகர் பிரதிநிதியே அதைக் கண்டித்தார். அந்தப் பெண் வழக்குப் போட்டார், 2009இல் விளக்கக் குறிப்போடு சமரசம் ஆனது.

மழுப்பாம சொல்லுங்க, மீடியா ஒபாமா பக்கம் சாய்ஞ்சதா இல்லையா?

சாய்ந்தது. பியூ ஆய்வு நிறுவனம் செப்டம்பர், அக்டோபர் மாதச் செய்திகளை அலசியதில் மெக்கெய்ன் பற்றியவற்றில் 57 சதவீதம் பாதகமானவை, ஒபாமா பற்றியவற்றில் 29 சதவீதம். ஆனால் அந்த வாரங்களில்தான் பங்குச் சந்தை சரிந்தது, கருத்துக்கணிப்பில் மெக்கெய்ன் இறங்கினார். தோற்றுக்கொண்டிருப்பவர் பற்றிய செய்தி எப்படியும் பாதகமாகத்தான் இருக்கும். வாஷிங்டன் போஸ்ட்டின் வாசகர் பிரதிநிதி டெபோரா ஹோவெல் தேர்தல் முடிந்த கையோடு, தங்கள் பத்திரிகை ஒபாமா பக்கம் சாய்ந்திருந்தது என்று எழுதினார். ஒபாமாவின் கல்லூரிக் காலம், சிகாகோவில் அரசியல் தொடங்கிய விதம், ரெஸ்கோ உறவு ஆகியவற்றைக் கடுமையாகத் துருவியிருக்க வேண்டும் என்றார். ரைட்டின் பெயரையோ ஏயர்ஸின் பெயரையோ அந்த வரிசையில் அவர் சேர்க்கவில்லை.

மதரஸாவுல படிச்சார், கென்யாவுல பிறந்தார்னு இன்னும் ஃபார்வர்ட் வருதே?

வரும். 2007 ஜனவரியில் ஓர் இணைய இதழ் மதரஸா கதையைக் கிளப்பியது. சிஎன்என் நிருபர் ஒருவர் ஜகார்த்தாவுக்கே போய் அந்தப் பள்ளியைப் படம் பிடித்து வந்தார். எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கும் சாதாரண அரசுப் பள்ளி. பிறந்த ஊர் ஹொனலுலு, 1961 ஆகஸ்ட் 4. பிறப்புச் செய்தி அதே மாதம் உள்ளூரின் இரண்டு நாளிதழ்களிலும் அச்சாகியிருக்கிறது. 2008இல் சான்றிதழை வெளியிட்டார்கள், 2011 ஏப்ரலில் முழு நீளச் சான்றிதழையும் வெளியிட்டார்கள். இதற்கு மேல் செலவழிக்க எனக்கு நேரமில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒரு வீடியோவைக் கடைசிவரை வெளியிடலையாமே, அது இருட்டடிப்புதானே?

கொஞ்சம் சிக்கலான கேள்வி. 2003இல் பாலஸ்தீன ஆதரவுப் பேராசிரியர் ரஷீத் காலிதிக்கு சிகாகோவில் நடந்த பிரிவுபசார விருந்தில் ஒபாமா பேசினார். அந்த வீடியோவைப் பார்த்து 2008 ஏப்ரலில் செய்தி எழுதியதே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்தான். மறைக்க நினைத்திருந்தால் எழுதியே இருக்க வேண்டாம். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெக்கெய்ன் தரப்பு வீடியோவைக் காட்டு என்றது. வெளியிட மாட்டோம் என்ற வாக்குறுதியின் பேரில்தான் கிடைத்தது என்று பத்திரிகை மறுத்துவிட்டது.

தகவல் தந்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் அடுத்த முறை யாரும் தர மாட்டார்கள். அந்த வகையில் மறுத்தது சரி. ஆனால் அந்த நிபந்தனையை ஏப்ரல் செய்தியிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அக்டோபரில் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. காலிதி தொடங்கிய ஆய்வு மையத்துக்கு, மெக்கெய்ன் தலைமையில் இருந்த ஓர் அமைப்பும் 1990களில் நிதி கொடுத்திருந்தது. மெக்கெய்ன் தரப்பு அதைச் சொல்ல மறந்துவிட்டது போல.

ஒபாமாவுக்கு நன்கொடை கொடுத்தவரே அவர் பேச்சைப் போட்டுக் கொடுத்தாராமே, அது தர்மமா?

மேஹில் ஃபவுலர் என்பவர் ஹஃபிங்டன் போஸ்ட்டுக்கு எழுதிய குடிமக்கள் நிருபர், ஒபாமா ஆதரவாளர், நன்கொடையாளரும்கூட. 2008 ஏப்ரல் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகையாளர்களை அனுமதிக்காத நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போனார். வேலை போன சிற்றூர்க்காரர்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா அங்கே பேசியதைப் பதிவு செய்தார். சில நாள் தயங்கிவிட்டு 11ஆம் தேதி வெளியிட்டார். அவர் எழுதுகிறவர் என்பது பிரசாரக் குழுவுக்குத் தெரியும், ரகசியமாக வைக்கிறேன் என்று அவர் வாக்கும் கொடுக்கவில்லை. முந்தின பதிலில் பத்திரிகை வாக்குக் கொடுத்திருந்தது, இங்கே அப்படி எதுவும் இல்லை; அந்த வித்தியாசம் இங்கேதான் உதவுகிறது. ஆதரவாளராக இருந்துகொண்டு எழுதினாரே, அந்தத் துணிச்சல் சம்பள நிருபர்கள் பலரிடம் இல்லை.

இப்படியெல்லாம் எழுதினா வேட்பாளர் மானநஷ்ட வழக்குப் போட முடியாதா?

போடலாம், ஜெயிப்பது குதிரைக்கொம்பு. 1964இல் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொய் என்று தெரிந்தோ உண்மையா என்று கவலைப்படாமலோ எழுதியதை நிரூபித்தால்தான் பதவியில் இருப்பவர் நஷ்டஈடு பெற முடியும் என்றது. வேட்பாளருக்கு அதை விரித்த வழக்கு 1971இல் வந்தது. 1960இல் நியூ ஹாம்ஷயரில் செனட் வேட்பாளர் ஒருவரை, பழைய சில்லறைச் சாராய வியாபாரி என்று ஒரு பத்திக் கட்டுரை சொன்னது, அதுவும் மதுவிலக்குக் காலத்துக் கதையாக. ஜூரி 20,000 டாலர் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் குற்றச் செயல் பற்றிய குற்றச்சாட்டு ஒரு வேட்பாளரின் தகுதிக்குச் சம்பந்தமில்லாததாக ஒருபோதும் ஆகாது என்றது.

அந்த மூணு பேரும் அப்புறம் என்ன ஆனாங்க?

ரைட் 2008இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ரெஸ்கோவுக்கு 2011 நவம்பரில் பத்தரை ஆண்டு சிறை. ஏயர்ஸ் 2010இல் ஓய்வு பெற்றபோது, வழக்கமாகக் கொடுக்கும் கௌரவப் பேராசிரியர் பட்டத்தைப் பல்கலைக்கழக அறங்காவலர் குழு மறுத்தது. ஒபாமா காரணமில்லை. ஏயர்ஸின் குழு 1974இல் வெளியிட்ட புத்தகத்தை யார் யாருக்குச் சமர்ப்பித்திருந்ததோ அந்தப் பட்டியலில் ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்ற சிர்ஹான் சிர்ஹானின் பெயரும் இருந்தது. 2010இல் அறங்காவலர் குழுவின் தலைவர் கிறிஸ்டோபர் கென்னடி, ராபர்ட் கென்னடியின் மகன்.